ஆணி அடித்த பொம்மைக்கும் ஒரு பேர் உண்டு

ஆப்பிரிக்கக் கலையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் சட்டென்று கைக்கு வருவது நாலைந்து சொற்கள்தான்: பழங்குடிக் கலை, முகமூடி, மாந்திரீகம், சூனியப் பொம்மை. இதை வைத்தே ஒரு கண்டத்தைப் பேசி முடித்துவிடுகிறோம். இதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தந்த ஊர்ச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மரியாதைக்காகச் சொல்லவில்லை. சொல் தப்பினால் பொருளே கண்ணில் படாது.

உடம்பெல்லாம் ஆணியும் இரும்புத் தகடும் இறங்கிய மர உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். படத்தைப் போட்டால் போதும், "பில்லி சூனியம்" என்று யாராவது வந்துவிடுவார்கள். அது காங்கோ மக்களுடையது. இன்றைய இரண்டு காங்கோ நாடுகளிலும் அங்கோலாவின் வடக்கிலும் வாழ்கிறவர்கள். பொருளின் பெயர் ன்கிசி. ஆணி வாங்குகிற வகை ன்கிசி ன்கொண்டி. 'கொண்டா' என்றால் வேட்டையாடு. சொன்ன சொல்லை மீறியவனை, திருடனை, மறைந்திருந்து கெடுதல் செய்தவனைத் துரத்திப் பிடிக்கும் வேட்டைக்காரன் அது.

இதில் இரண்டு பேர் வேலை இருக்கிறது. செதுக்குகிறவர் உருவத்தைக் கொடுக்கிறார்; அந்தக் கட்டத்தில் அது வெறும் மரம். அடுத்து ங்கங்கா வருகிறார். இவரை மந்திரவாதி என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை; வைத்தியமும் பரிகாரமும் வழக்குத் தீர்ப்பும் ஒரே ஆள் கையில். வயிற்றிலோ தலையிலோ உள்ள குழியில் அவர் பிலோங்கோ, அதாவது மருந்து, வைப்பார். கல்லறை மண், வெள்ளைக் களிமண், விதை, நகம் என்று ஒவ்வொன்றும் காரணத்தோடு சேரும். அந்தக் களிமண்ணுக்கான 'ம்பெம்பா' என்ற சொல்லே இறந்தவர்களின் நாட்டையும் குறிக்கும். பிசின் வைத்துக் குழியை மூடி, மேலே கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். இந்த உலகத்துக்கும் இறந்தோர் உலகத்துக்கும் நடுவே கிடக்கும் நீர்ப்பரப்புக்குக் 'கலுங்கா' என்று பேர். அதன் மினுமினுப்புதான் இந்தக் கண்ணாடி. அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போனால் விஷயமே போயிற்று.

இப்போது ஆணி. இரண்டு தரப்பு சண்டையைத் தீர்த்துக்கொண்டு வந்து நிற்கிறது. இனி மீறமாட்டோம் என்று அதன் முன் சத்தியம் செய்கிறார்கள். இரும்பை நாக்கால் தொட்டுக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எச்சில் பட்டால் யாருடைய சத்தியம் என்று அதற்குத் தெரிந்துவிடும். துணிக்கிழிசல், முடி கட்டுவதும் இதே கணக்குதான். பிறகு இரும்பு இறங்கும். எதிரியைப் போல் பொம்மை செய்து அதைக் குத்தி அவனை நோகடிக்கும் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே உருவம் யாருடைய சாயலும் அல்ல. ஆணி அதைக் காயப்படுத்த அல்ல, உசுப்பிவிட. உடம்பில் எத்தனை இரும்போ அத்தனை விவகாரம். சூனியம் என்பதைவிட, சத்தியப் பத்திரங்களின் கட்டு என்றால் கொஞ்சம் நெருங்கி வரும்.

மங்காகா என்ற வகையைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் உயரம், இடுப்பில் இரண்டு கை, முன்பக்கம் சாய்ந்த நிலை, வெள்ளைக் கண். வம்புக்கு வாடா என்கிற நிற்பு. தெரிந்தவரை மொத்தமே 20 தான் மிச்சம். அதில் 15-ஐ 2015-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஒரே இடத்தில் நிறுத்தியது. பல உருவங்களில் வயிற்றுக் குழி காலி. கைமாறும் முன் மருந்து எடுக்கப்பட்டுவிட்டது. காங்கோக்காரர் கணக்கில் மருந்து போனால் அது ன்கிசி அல்ல, மறுபடி மரம்தான். அருங்காட்சியக அட்டையில் 'மரம், இரும்பு' என்று எழுதியிருப்பது ஒரு விதத்தில் சரிதான்!

ன்கிசி என்றாலே சிலை என்பதும் தப்பு. துணிப்பை, மண்பானை, சிப்பி எல்லாம் ன்கிசியாக இருந்தன. அருங்காட்சியகங்களுக்கு உருவங்கள் பிடித்துப்போனதால் நம் கண்ணுக்கு வருவது அவையே. இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஐரோப்பியர் ஒட்டிய 'ஃபெடிஷ்' என்ற சொல்லை அறவே விடுங்கள். போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் 'ஃபெய்டிசோ', அதாவது செய்வினை, அதுதான் மூலம். 1760-இல் ஷார்ல் த ப்ரோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை ஒரு மதக் கோட்பாடாகவே ஆக்கிவிட்டார்.

'முகமூடி'யும் பாதி நேரம் பொருந்தாது. மாலியின் பமானா மக்களுடைய சீ வாரா முகத்தை மூடுவதில்லை. மான் கொம்பு உருவம் கூடைத்தொப்பியில் தைக்கப்பட்டு உச்சந்தலையில் நிற்கும். ஆணும் பெண்ணுமாய் ஜோடியாக, கையில் கோல் ஊன்றிக் குனிந்து ஆடுவார்கள். நைஜீரியாப் பக்கத்து யோருபாக்களின் எகுங்குன் வேடத்தில் தலை முதல் கால் வரை துணிதான் எல்லாம், மரமே இல்லாமலும் இருக்கும். மரத்தை மட்டும் சுவரில் மாட்டினால் உடையும் தாளமும் ஆட்டமும் எங்கே போயின? சியரா லியோனின் மெண்டே மக்களிடம் சோவெய் முகமூடி அணிந்து ஆடுவது பெண்கள். 'முகமூடி அணிந்த ஆண்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள்.

யோருபாவில் ஒரு சொல்லாவது தெரிந்துகொள்ளுங்கள்: அஷெ. நினைத்ததை, சொன்னதை நடத்திக்காட்டும் சக்தி. வேண்டுதல் முடிவில் சொல்லும்போது நம் "அப்படியே ஆகட்டும்" கச்சிதமாக உட்காரும். இன்னொன்று ஒரி, தலை. வெளித்தலைக்குள் ஓர் உள்தலை, அவரவர் விதி அதில். யோருபாச் சிற்பங்களில் தலை பெரிதாக இருப்பது, சில சமயம் உயரத்தில் கால்பங்கு வரை போவது, இதனால்தான். செதுக்கத் தெரியாததால் அல்ல.

'பெனின் வெண்கலம்' என்று பேர்பெற்ற சிற்பங்கள் பெரும்பாலும் பித்தளை. செம்போடு தகரம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. தமிழில் இரண்டுக்கும் தனிச் சொல் இருந்தும் ஆங்கிலத் தவறையே பெயர்க்கிறோம். கூடவே இன்னொரு குழப்பம்: 1897-இல் பிரிட்டிஷ் படை கொள்ளையிட்ட பெனின் நகரம் இருப்பது நைஜீரியாவில். பெனின் நாடு வேறு. டஹோமியாக இருந்து 1975-இல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. வோடுன் வழிபாடு அந்த நாட்டு ஃபோன் மக்களுடையது, காங்கோ ஆணியோடு அதைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

கடைசியாக எழுத்துப் பிரச்சினை. மெய்யில் சொல் தொடங்கக் கூடாது என்று 'இன்கிசி' ஆக்கத் தோன்றும். நான் ன்கிசி என்றே எழுதுகிறேன். நமக்குப் பன்மை வாலில் வரும், காங்கோக்காரருக்குத் தலையில்: ஒன்று ன்கிசி, பல மின்கிசி. முன்னால் ஒரு 'இ' ஒட்டினால் இந்தக் கணக்கு குழம்பும். 'மின்கிசிகள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பன்மைக்குப் பன்மை.