குளியலறைக் குழாயை மாற்றுவது என்ன குற்றமா?

குழாய் கையோடு வந்துவிட்டது. ஆனால் பாதிதான். மீதி சுவருக்குள், எல்போவின் (பைப்பின் முனையில் குழாயை மாட்டும் வளைவுத் துண்டு) மரையைக் கவ்விக்கொண்டு அப்படியே நிற்கிறது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருக்கிறது. பித்தளை என்றால் மஞ்சளாக இருக்க வேண்டாமா? "ஒரிஜினல் பித்தளை சார், காலத்துக்கும் உழைக்கும்" என்று சொல்லித்தானே விற்றான் பாவி! துத்தநாகக் கலவையை வார்த்து, மேலே குரோம் பூசி, பித்தளை விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறான். பித்தளை போன்ற செம்புக் கலவைக் குழாய்களுக்கு ஐஎஸ் 8931 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. கடையில் அதைப் பற்றிக் கேட்டால் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் இது என்ன பெரிய வேலை? தண்ணீரை நிறுத்தி, பழசைக் கழற்றி, மரையில் கசியாமல் இருக்க டெஃப்லான் டேப் சுற்றி, புதுசை முடுக்க வேண்டும். ஸ்பேனரை முதல்முறை தொடுகிறவர்கூடச் செய்துவிடலாம். செய்ய விட்டால்தானே!

தண்ணீரை நிறுத்த மொட்டை மாடிக்குப் போக வேண்டும். பாத்ரூமுக்குள்ளேயே ஒரு வால்வு வைத்திருந்தால் கட்டியவர் குடியா முழுகிப் போயிருக்கும்? மேலே டேங்கிலிருந்து வரிசையாகக் குழாய்கள் இறங்குகின்றன. எது எந்த வீட்டுக்கு என்று ஒன்றிலும் எழுதவில்லை. பெயின்ட்டில் ஒரு நம்பர் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒன்றை மூடினால் கீழ் வீட்டில் தலையில் சோப்போடு கத்துகிறார்கள். சரியான வால்வோ துருப்பிடித்து, சக்கரம் சுற்றுகிறதே தவிர முழுசாக மூடுவதில்லை.

ஆக, தண்ணீர் கசியக் கசியத்தான் அந்த உடைந்த துண்டை எடுத்தாக வேண்டும். இரண்டு விரல்கூட நுழையாத ஓட்டை. ஹேக்ஸா பிளேடைத் தனியாகக் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கீற வேண்டும். கொஞ்சம் அதிகமாகக் கீறினால் எல்போவின் மரை காலி. பைப் ரெஞ்சு, சுத்தியல் என்று பலத்தைக் காட்டினாலும் ஆபத்துதான். எல்போவின் பித்தளைப் பகுதி பிளாஸ்டிக்குக்குள்ளேயே சுழன்று விரிசல் விட்டால், டைல்ஸை உடைத்துச் சுவரைத் தோண்ட வேண்டும். அந்த டிசைன் டைல்ஸ் இனி எங்கே கிடைக்கும்? அந்தப் பயத்தோடே ஒரு கீறல். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பது. இன்னொரு கீறல். தண்ணீர் கை வழியாக முழங்கைக்கு ஓடுகிறது. போர் தண்ணீரின் உப்பு பொருக்கு பொருக்காக உதிர்ந்து கண்ணில் விழுகிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாகத் தட்டினால் துண்டு ஒரு நூல் வளைகிறது, அப்புறம் அசைய மாட்டேன் என்கிறது. மறுபடியும் பிளேடு, மறுபடியும் டார்ச், மறுபடியும் கண்ணில் உப்பு. இடுப்பு விட்டுப்போய், விரலெல்லாம் ஊறிச் சுருங்கிய பிறகு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் துண்டு கையில் வந்து விழுகிறது.

சரி, முடிந்தது என்று புதுக்குழாயை வைத்தால் எட்டவில்லை! டைல்ஸ் ஒட்டும்போது எல்போ எவ்வளவு உள்ளே போகும் என்று கொத்தனாரும் பார்க்கவில்லை, பிளம்பரும் பார்க்கவில்லை. இனி நீளத்தைக் கூட்டும் மரைத் துண்டு, அதாவது எக்ஸ்டென்ஷன் நிப்பிள், வாங்க வேண்டும். அது இன்னொரு இணைப்பு, கசிய இன்னோர் இடம். அதிலும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போகிற புதியவர் தொலைந்தார். அரை இன்ச் குழாயின் மரை வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ. அரை இன்ச் என்பதோ 12.7 மி.மீ. அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்விட்டத்தை வைத்து வந்த கணக்கு இது. இதை ஒரு பெட்டியிலாவது அச்சடித்தால் என்ன?

எல்லாம் எதற்காக? சொட்டு நிற்பதற்காக. பழைய குழாயில் திருகித் திறந்து மூடும் உள்தண்டு, அதுதான் ஸ்பின்டில், அது மட்டும் தேய்ந்திருந்தது. அதைத் தனியாகக் கேட்டால், "அது வராது சார், புதுசா மாத்திடுங்க" என்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு அளவில் ஸ்பின்டிலைச் செய்து, அதையும் தனியாக விற்காமல் விட்டால் மனிதன் என்ன செய்வான்?

அப்புறம் ஒன்று. மொட்டை மாடியில் வால்வுக்குக் குறுக்கே அந்த உடைந்த இரும்புக் கட்டிலைப் போட்டது யார்? முட்டியில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. பழைய இரும்புக்காரர் தெருவில் தினமும்தானே கூவிக்கொண்டு போகிறார்? கூப்பிட்டுப் போடுங்கள் அய்யா!