டர்போ இருந்தாலே வேகம் என்று ஆகிவிடாது

அண்ணா, ‘டர்போ இருப்பதால் 2017 டொயோட்டா சி-எச்ஆர், 2012 மாடல் டொயோட்டா 86 என்ற இரு கதவு கூபேயை எந்தச் சாலையிலும் முந்திவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, அவ்வளவுதான்.

சி-எச்ஆரின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் தருவது 85 கிலோவாட். 86இன் 2 லிட்டர் எஞ்சின் தருவது 147. எடையும் கூபேக்குத்தான் குறைவு.

நீங்கள் ஜொகன்னஸ்பர்க்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே உயரம் 1,700 மீட்டருக்கு மேல், காற்று மெலிது. 86இல் இருப்பதுபோல் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். அப்படிக் கழித்தாலும் 120 கிலோவாட்டுக்குக் குறையாது.

உங்களுக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் உண்டு. சி-எச்ஆரின் 185 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை, நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். 86இன் 205, முள் 6,400ஐத் தொட்ட பிறகுதான். டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் போகும்போது வான் ரீனன் மலைக் கணவாயில், லாரிக்குப் பின்னால் ஐந்தாம் கியரிலேயே மிதித்தால் என் 86 முனகும். மூன்றுக்கு இறக்கிப் பாருங்கள், அதன் குரலே மாறிவிடும்!

குடும்பத்தோடு போக சி-எச்ஆர் வசதியான வண்டி, மறுக்கவில்லை. ஆனால் பழைய கூபே வாங்க நினைக்கும் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.