பூட்டுங்கள், பெயர்க்காதீர்கள்

சுரங்க ரயிலில் ஏறினால் கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். பார்க்க என்ன இருக்கிறது, கறுப்புச் சுவர்தானே என்பார்கள். சரிதான். ஆனால் எங்காவது ஓரிடத்தில் அந்தச் சுவர் சட்டென்று காணாமல் போகும். பக்கத்தில் ஒரு ஜோடித் தண்டவாளம் முளைத்து, வளைந்து, இருட்டுக்குள் நுழைந்துவிடும். இரண்டு மூன்று நொடி, மறுபடி சுவர். நாம் போகிற தண்டவாளத்தின் மேல்பக்கம் சக்கரம் தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி மின்னும். அது மட்டும் செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடக்கும்.

அதுதான் இணைப்புப் பாதை. ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு வண்டி தாவுவதற்காகப் போட்டது. கைவிடப்பட்ட ஸ்டேஷன்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். பழைய ஓடு, உரிந்த விளம்பரம், தூசி படிந்த படிக்கட்டு என்று படமெடுக்க ஏதாவது கிடைக்கும். இணைப்புப் பாதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் அதை மூடினால் யாரும் கேட்பதில்லை, பெயர்த்து எடுத்தாலும் கேட்பதில்லை. என் சண்டை அந்த இரண்டாவது காரியத்தோடுதான்.

மூடுவதை நான் எதிர்க்கவில்லை. வரைபடத்தை வைத்துக்கொண்டு "இங்கே பாதை இருக்கிறதே, ஏன் நேரடி வண்டி விடக் கூடாது?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில், வேறு தடத்திலிருந்து வரும் வண்டி சரியான இடைவெளியில் வந்து நுழைய வேண்டும். ஒன்று தாமதமானால் இரண்டு தடமும் சேர்ந்து கெடும். பிளாட்பார நீளம், பெட்டியின் அகலம், மின்சாரம், சிக்னல் எல்லாம் வேறு வேறாக இருந்தால் தலைவலி இன்னும் கூடும். பாரிஸ் மெட்ரோவில் ஒவ்வொரு தடமும் தன் பாட்டுக்குத் தனியாக ஓடுகிறது. இணைப்புப் பாதைகள் பணிமனைக்குப் போகிற வண்டிக்கும் பராமரிப்பு வண்டிக்கும் மட்டும்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நியூயார்க்கைப் பாருங்கள். அங்கே இரண்டு தனியார் கம்பெனிகள் சுரங்க ரயில் நடத்தின. 1932-இல் நகராட்சியே மூன்றாவதாகப் போட்டிக்கு ஒரு ரயிலைத் தொடங்கியது. 1940-இல் மூன்றும் நகரத்தின் கைக்கு வந்தன. நிர்வாகம் ஒன்றானாலும் தண்டவாளம் ஒன்றாகிவிடுமா? பழைய கம்பெனித் தடத்தையும் நகராட்சித் தடத்தையும் முடிச்சுப் போட்ட முக்கியமான வேலைகளில் ஒன்று, மன்ஹாட்டனில் கிறிஸ்டி தெருவுக்கு அடியில் 1967 நவம்பரில் திறந்த இணைப்பு. அதன் ஒரு கிளை, புரூக்ளினிலிருந்து வில்லியம்ஸ்பர்க் பாலம் வழியாக வரும் வண்டியை ஆறாம் அவென்யூ பக்கம் திருப்பிவிடும். அந்தக் கிளையில் 1968-இல் ஒரு வண்டி விட்டார்கள். கூட்டம் சேரவில்லை. நகரமே திவாலின் விளிம்பில் நின்ற காலம் வேறு. 1976 ஆகஸ்டில் அந்த வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் 34 வருடம் அந்தக் கிளையில் வழக்கமான பயணி வண்டி கிடையாது. எத்தனை பட்ஜெட் கூட்டங்களில் "இது எதற்கு?" என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நல்லவேளை, பாதை அப்படியே கிடந்தது. 2010 ஜூனில் 'எம்' என்ற வண்டியை அந்த வழியாகத் திருப்பினார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: அப்போதும் பணத் தட்டுப்பாடுதான். 'வி' என்ற வண்டியை ஒழித்துவிட்டு, அதன் வேலையையும் 'எம்'மின் தலையில் கட்டினார்கள். சிக்கனத்துக்காகக் கைவிட்ட பாதையைச் சிக்கனமே திரும்பக் கூட்டி வந்தது. அதற்குள் புரூக்ளினின் அந்தப் பக்கம் ஆள் குடியேறி, மன்ஹாட்டனின் நடுப்பகுதிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெருகியிருந்தார்கள். இன்றைக்கும் 'எம்' அந்த வளைவில்தான் திரும்புகிறது. இதை 1976-இல் எந்த நிபுணரால் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க முடியும்?

லண்டன் கதை இன்னும் நீளம். ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு அடியில் ஸ்னோ ஹில் என்றொரு குட்டிச் சுரங்கம். நகரத்தின் வடக்கு ரயில்களையும் தெற்கு ரயில்களையும் கோக்கிற ஊசிமுனை அது. 1866-இல் திறந்தார்கள். 1916-இல் பயணி வண்டி நின்றது, 1969-இல் சரக்கு வண்டியும் நின்றது. பிறகு தண்டவாளத்தையே கழற்றிவிட்டார்கள். சுரங்கம் மட்டும் மிச்சம். 1988-இல் அதே துளைக்குள் புதுத் தண்டவாளம் போட்டு, 'தேம்ஸ்லிங்க்' என்று பெயர் வைத்து, வடக்கே பெட்ஃபோர்டிலிருந்து தெற்கே பிரைட்டன் வரை ஒரே வண்டி விட்டார்கள். வடக்கில் மேல்கம்பி மின்சாரம், தெற்கில் பக்கவாட்டில் போட்ட மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம். வண்டி நடுவில் ஃபாரிங்டன் ஸ்டேஷனில் நின்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும். அந்தச் சுரங்கத்தை மண்போட்டு நிரப்பியிருந்தால், அல்லது ஏதாவது கட்டடத்தின் அஸ்திவாரம் குறுக்கே இறங்கியிருந்தால், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது பாரிஸில் இருக்கிறது. ஊரின் வடகிழக்கு மூலையில் போர்ட் தெ லிலா என்ற ஸ்டேஷனைப் பக்கத்துத் தடத்தோடு கோக்கும் இரண்டு இணைப்புப் பாதைகள். ஒன்றில் ஆக்சோ என்று ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள், பிளாட்பாரமும் உண்டு. தெருவிலிருந்து இறங்கிப் போக வழிதான் கட்டவில்லை. ஒரு பயணிகூட அங்கே ஏறியதில்லை! இன்னொன்றில் 1921 முதல் 1939 வரை ஒரு குட்டி வண்டி போவதும் வருவதுமாக ஓடியது. போர் வந்தது, நின்றது. 1950-களில் ரப்பர் டயரில் ஓடும் மெட்ரோவைச் சோதிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஓடுகிற தடத்தில் சோதனை போட முடியுமா? இந்தச் சும்மா கிடந்த பாதையில்தான் 1952 முதல் 1956 வரை ஒற்றைப் பெட்டியை ஓட்டிப் பார்த்தார்கள். பொதுமக்களையும் ஏற்றினார்கள். 1956-இலேயே அது பதினோராம் தடத்துக்கு வந்தது. அங்கிருந்து மொன்றியல், மெக்சிகோ நகரம், சாண்டியாகோ என்று டயர் உருண்டுகொண்டே போனது. பக்கத்திலேயே பயன்படாத ஒரு பிளாட்பாரம் சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகிறது. இந்தப் பாதைகளால் என்ன வருமானம் என்று கேட்கிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சும்மா வைத்திருப்பதும் இலவசம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். துரு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் லேசான மின்சாரம் ஓடும். வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்தால், "இங்கே வண்டி நிற்கிறது" என்று சிக்னலுக்குத் தெரியும். தண்டவாளத் தலையில் துரு படிந்தால் மின்சாரம் கடக்காது; வண்டி நிற்கும்போதே பாதை காலி என்று சிக்னல் நினைத்துக்கொள்ளும். ஆபத்து. அதனால் அடிக்கடி பயன்படாத பாதைகளில், துருவைத் தேய்ப்பதற்கென்றே அவ்வப்போது ஒரு காலி வண்டியை ஓட்டுவார்கள். யாரும் ஏறாத, எந்த அட்டவணையிலும் இல்லாத வண்டி. அதற்கும் ஓட்டுநர் சம்பளம், மின்சாரம் எல்லாம் உண்டு. இது கட்டுப்படியாகாது என்றால், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டைப் பூட்டிவிடுங்கள், முடியாவிட்டால் தண்டவாளத்தைக்கூடக் கழற்றுங்கள். சுரங்கத்தை மட்டும் விட்டுவையுங்கள், நீர் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெர்லின் இருக்கிறது. ஸ்ப்ரே ஆற்றுக்கு அடியில் வைசென் சுரங்கம், முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டியது. பக்கத்துத் தெருவின் பெயர்தான் அதற்கும், அர்த்தம் 'அநாதை'. ஐந்தாம் தடத்தையும் எட்டாம் தடத்தையும் இணைக்கிறது. நகரம் இரண்டாகக் கிடந்தபோது ஐந்து கிழக்கின் தடம். எட்டு மேற்கின் வண்டி, கிழக்குக்கு அடியில் நிற்காமல் ஓடும். 1980-இல் கிழக்குப் போக்குவரத்து ஊழியர் ஒருவர் குடும்பத்தோடு இந்தச் சுரங்கம் வழியாக எட்டாம் தடத்துக்கு வந்து, மேற்கு வண்டியில் ஏறித் தப்பினார்.

சுவர் விழுந்து, நகரம் ஒன்றாகி, சுரங்கம் மறுபடி பணிமனைப் போக்குவரத்துக்கு உதவியது. பிறகு அது பழுதாகி, பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றார்கள். அதுவரை? பெரிய பராமரிப்புக்குப் போகும் ஐந்தாம் தடத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக டிரெய்லர் லாரியில் ஏற்றி, சாலை வழியாகக் கொண்டுபோகும் நிலை வந்தது.