திரும்பி ஏறணும்னு யாராவது சொல்லித் தொலைங்களேன்!

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ போனால் ட்ரெபெவிச் மலையில் இருக்கிற பழைய ஒலிம்பிக் பாப்ஸ்லெட் தடத்தை, அதாவது பனிக்கட்டியில் சறுக்கு வண்டி விட்ட கான்கிரீட் வாய்க்காலை, பார்க்காமல் வராதே என்கிறார்கள். சரி, எப்படிப் பார்ப்பது? அதைச் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. கேபிள் காரில் ஏறு, சுவர்க் கிறுக்கல் ஓவியம் (கிராஃபிட்டி) முன்னால் நில்லு, போட்டோ எடு. அவ்வளவுதானாம்!

டிக்கெட்டிலேயே கோளாறு ஆரம்பம். போக வர டிக்கெட் எடுத்துக்கொண்டு, மேலே இறங்கி, தடத்துக்குள்ளே குஷியாக நடப்பார்கள். தடம் 1,300 மீட்டர். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 126 மீட்டர், கிட்டத்தட்ட 40 மாடி! இறங்குகிறபோது உறைக்காது. கடைசி வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் முழங்கால் பேசும்: கேபிள் காருக்கு மறுபடி மேலே ஏறணுமே! அப்படியே ஊருக்கு நடந்து இறங்குவதென்றால் ஒருவழி டிக்கெட் போதும். இல்லையா, பாதியிலேயே திரும்பிவிடுங்கள்.

அடுத்தது செருப்பு. மழை பெய்த மறுநாள் பாசியும் ஊசியிலைச் சருகும் சேர்ந்து சோப்பு தடவின மாதிரி வழுக்கும். பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறிய வளைவுச் சுவரில் ஈரம் உறிஞ்சாது, பிடிமானமே கிடைக்காது. அதில்தான் ஓடி ஏறி போஸ்! உடைந்த விளிம்புகளில் இரும்புக் கம்பி வேறு துருத்திக்கொண்டிருக்கும். சைக்கிள்காரர்களும் இதே தடத்தில்தான் சீறி வருவார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சுவரில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அது அலங்காரமில்லை சாமி. 1984 பிப்ரவரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனி இருவர், நால்வர் இரண்டு போட்டியிலும் தங்கத்தையும் வெள்ளியையும் அள்ளிய தடம் இது. எட்டே வருஷம். 1992இல் போஸ்னியப் போரில் சரயேவோ முற்றுகை தொடங்கியதும், கீழே இருக்கிற நகரத்தைச் சுட போஸ்னிய செர்பியப் படை இதையே அரணாக்கிக்கொண்டது. துளைத்தது அதற்குத்தான். அதற்குள்ளே தலையை விட்டு இளிக்கிறார்கள்!

எல்லாவற்றையும் விட எரிச்சல், மரங்களுக்குள்ளே குறுக்குவழி தேடுகிற கூட்டம். போரில் நின்றுபோன கேபிள் கார் 2018இல் மறுபடி ஓடியதும் மலை முழுக்கச் சுத்தமாகிவிட்டதா என்ன? போஸ்னியாவில் கண்ணிவெடி இன்னும் முழுசாக எடுத்து முடியவில்லை. தடமும் ஆள் நடமாடுகிற பாதையும் சரி. அதைத் தாண்டி, மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை இல்லையே என்று கால் வைக்காதீர்கள். பலகை காற்றில் விழும், களவும் போகும். ஒண்ணுக்கு அவசரமென்றால்கூட கேபிள் கார் ஏறும் முன்பே முடித்துவிட்டு வாருங்கள்.