பீவர் வேண்டாம், அந்தப் பாடம் வேண்டும்

ஊட்டி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பீவர் வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடையோரம் வாழும் விலங்கு அது. ஓடைக்குக் குறுக்கே கிளையை இழுத்துப் போட்டு, சேற்றை அள்ளி அப்பி அணை கட்டும் அதே வீடியோதான். கூடவே ஒரு வரி: "இதுல நாலு ஜோடி கொண்டுவந்து நீலகிரியில் விட்டா தண்ணிப் பஞ்சமே வராதே!" அதற்குக் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக.

நல்லெண்ணம்தான். ஆனால் 1946இல் அர்ஜென்டினாக்காரர்களுக்கும் ஏறக்குறைய இப்படி ஒரு யோசனை வந்தது. உரோம வியாபாரத்துக்காகக் கனடாவிலிருந்து 20 பீவர்களைக் கொண்டுபோய்த் தென்கோடியில் இருக்கும் தியரா டெல் ஃபுவேகோ தீவில் விட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டது, பீவர் பெருகிவிட்டது. வட அமெரிக்காவில் பீவர் கடித்த வில்லோ மரம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தத் தீவின் லெங்கா மரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஓடையோரக் காடு காடாகச் செத்து நிற்கிறது. பீவரோ கடலைத் தாண்டிச் சிலி பக்கத்து நிலப்பரப்புக்கும் போய்விட்டது. சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டுவிட்டு இன்றுவரை வெட்டி மாளாமல் இருக்கும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, விலங்கை விடுவோம். பிரிட்டன் மாதிரி நாடுகளில் அதைப் பற்றி மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் இறக்குமதி செய்ய வேண்டும்.

பிரிட்டனில் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் பீவரை வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். 2009இல் ஸ்காட்லாந்தின் நாப்டேல் காட்டில் மறுபடி விட்டார்கள். வந்ததும் கேள்விகள் கிளம்பின. ஆற்று மீனையெல்லாம் தின்றுவிடாதா? தின்னாது. நம் நீர்நாய் மாதிரி இல்லை, இது மரப்பட்டையும் இலையும் நீர்ச்செடியும் தின்னும் கொறிவிலங்கு. என் வயலில் தண்ணீர் ஏறினால்? ஏறும், ஏறியும் இருக்கிறது. அணைக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டால் நீர்மட்டம் ஓர் அளவுக்கு மேல் உயராது. பழமரத்தை வெட்டிவிடுமே? அடிமரத்தில் கம்பி வலை சுற்றுங்கள். விவசாயியின் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், தொல்லையும் உண்டு, வழியும் உண்டு என்று நேராகப் பேசுவதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஊர் விழிப்புணர்வு ஊர்வலங்களில் "இயற்கையைக் காப்போம்" பலகையைத் தாண்டி எதுவும் இருப்பதில்லை.

அப்புறம், பீவரைக் காட்டி அவர்கள் சொல்லித் தருவது உண்மையில் சதுப்பைப் பற்றித்தான். கசிந்துகொண்டே இருக்கும் அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிப் பரந்து மண்ணுக்குள் இறங்குகிறது. வண்டல் படிகிறது, தவளையும் தும்பியும் வருகின்றன. அமெரிக்காவின் மேற்கே காட்டுத்தீ முடிந்தபின் மேலிருந்து பார்த்தால் பீவர் குட்டைகளைச் சுற்றி மட்டும் பச்சை தெரிகிறது.

நமக்கு இந்த வேலையைச் செய்து வைக்க எந்த விலங்கும் தேவைப்படவில்லை. நீலகிரியில் சோலைக் காட்டுக்கும் புல்வெளிக்கும் கீழே, பள்ளத்தில், சதுப்பு தானாகவே இருந்தது. கால் வைத்தால் தரை மெத்தென்று அமுங்கும், கணுக்காலைச் சுற்றித் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறும். அடியில் இருக்கும் கரிச்சேற்றை எடுத்து ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பருவநிலையை அதிலிருந்து கண்டறிந்திருக்கிறார்கள். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் இந்தச் சதுப்பில்தான் வளரும்.

அதன் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். தண்ணீர் வடிந்துவிடும், கறுப்பு மண் மேலே வரும், கேரட்டும் பீட்ரூட்டும் பிரமாதமாக விளையும். கொஞ்ச காலம்தான். பிறகு மண் காய்ந்து இறுகும், அதே பள்ளத்தில் தண்ணீர் இறைக்க மோட்டார் ஓடும். வெட்டியவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கிக் காய்கறி போடுகிறவருக்கு அது சும்மா கிடக்கும் சேறு. அப்படி இல்லை என்று அவரிடம் யார் சொன்னோம்? 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையை எந்தச் சதுப்பாலும் முழுசாகத் தாங்க முடியாது. ஆனால் சாதாரண மழையைப் பிடித்துவைத்துக் கோடையில் ஓடைக்கு விடும் இடங்களை நாமே வடித்துவிட்டு, சிமெண்ட் தடுப்பணைக்கு மனு கொடுக்கிறோம். பீவர் அணை உடைந்தால் பீவர் மறுபடி கட்டிக்கொள்ளும். வடித்த சதுப்பை இங்கே திரும்பக் கட்ட நம்மைத் தவிர யாருமில்லை; முதல் வேலை அந்த வாய்க்காலை அடைப்பது.

பள்ளிச் சுற்றுலா என்றால் தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி என்று ஆகிவிட்டது. ஒரு நாள் பிள்ளைகளை மிச்சமிருக்கும் ஒரு சதுப்புக்குக் கூட்டிப் போகலாம். வெட்டாத பள்ளத்தில் ஒரு குச்சியைக் குத்திப் பார்க்கட்டும், பக்கத்தில் வெட்டிய பள்ளத்திலும் குத்திப் பார்க்கட்டும். அந்தப் புல்லைப் பற்றிச் சொல்ல ஒரு தோடர் பெரியவரை அழைக்கலாம், கேரட் போடும் ஒருவரையும் அழைத்து அவர் கணக்கையும் கேட்கலாம். ஷூ, சாக்ஸ் எல்லாம் நாசமாகும், வீட்டில் திட்டு விழும். பரவாயில்லை என்று நினைக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கூட வர நான் தயார்.