"என்னையா கேக்குறீங்க?"

மாறுகண் உள்ளவர்கள் வாழ்நாளில் அதிகம் கேட்ட கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நான் ஒருத்தரைப் பார்த்துப் பேசுவேன், பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வார். இல்லையென்றால் எதிரில் இருப்பவர் சட்டென்று திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். சின்ன வயசில் 'ஒன்றரைக் கண்ணு' என்று கத்தின பயல்களை எல்லாம் மறந்தாச்சு. இந்தத் திரும்பிப் பார்ப்பது மட்டும் இன்றைக்கும் சுருக்கென்று தைக்கும். அதனாலேயே தரையைப் பார்த்துப் பேசப் பழகி, 'திமிர் பிடிச்சவன்' என்று பேர் வாங்கினது தனிக்கதை.

36 வயசில் ஒரு கண் மருத்துவரிடம் போனேன். "கல்யாணம்தான் ஆயிடுச்சே, இனிமே எதுக்கு அழகு?" என்றார்.

அழகாம்! டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஜக்கின் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்டவைத்துவிட்டுத்தான் சாய்ப்பேன். இல்லாவிட்டால் பாதி மேஜையில்தான். சின்ன வயசிலேயே கண் விலகிவிட்டால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியாமல் இருக்க மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடும். அதோடு, இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளக்கிற வித்தையும் போய்விடும்.

பெரியவர்களான பிறகு கண் விலகுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். அந்த வயசில் மூளைக்கு ஒதுக்கத் தெரிவதில்லை. கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தருக்கு, கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறாவது மூளை நரம்பு செயலிழந்து, ஒரு கண் உள்பக்கம் திரும்பிவிட்டது. எதிரில் வருகிற ஒரே பைக் அவருக்கு இரண்டு பைக். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பார். (திடீரென்று இரட்டையாகத் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரையிலிருந்து பக்கவாதம் வரை பின்னால் எதுவும் இருக்கலாம்.)

2009-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், மாறுகண் பெரியவர்களின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, ஏஎஸ்-20 என்று ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 20 கேள்வியில் 10 கேள்வி பார்வையைப் பற்றியே இல்லை. என் கண்ணைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ, புது ஆட்களிடம் போய்ப் பேசத் தயக்கம், இப்படித்தான் போகிறது. அந்த டாக்டர் 'அழகு' என்று தள்ளின சமாச்சாரத்துக்குப் பாதித் தாள்!

இன்னொரு மருத்துவர்தான் அறுவை சிகிச்சை செய்தார். கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. தேவையான தசையைக் கழற்றிச் சற்றுப் பின்னால் தள்ளித் தைப்பார்கள், அல்லது கொஞ்சம் குட்டையாக்குவார்கள். வயசு இதற்குத் தடையில்லை. சிலருக்கு மூக்குக்கண்ணாடியில் பட்டகம் (ஒளியைத் திருப்பிவிடும் பிரிசம்) வைத்தாலே இரட்டைப் பார்வை சரியாகிவிடும்.

எனக்கு ஆழம் தெரிகிற பார்வை திரும்பவில்லை. ஜக்கை இன்னும் முட்டவைத்துத்தான் ஊற்றுகிறேன். ஆனால் வேலைக்குத் திரும்பின முதல் வாரம், மீட்டிங்கில் எதிரே இருந்த இரண்டு பேரில் ஒருத்தரிடம் ஏதோ கேட்டேன். யாரைக் கேட்டேனோ அவரே பதில் சொன்னார். மற்றவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.