ஆண்டு வருமானம் 72,000

என் கடையில் வருஷத்திலேயே கூட்டம் அலைமோதுகிற மாதம் மே. ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ரோட்டோரமாக ஒரு சின்ன இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கிற பேட்டரி, அவ்வளவுதான் சொத்து. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிடும், காலேஜ் அட்மிஷன், ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் என்று எதற்கெடுத்தாலும் வருமானச் சான்று கேட்பார்கள். அதே மே மாதம்தான் மீன்பிடித் தடைக்காலத்தின் நட்டநடு. ஏப்ரல் 15-ல் கட்டிப்போட்ட விசைப்படகு ஜூன் 14 முடிந்தால்தான் அவிழும், மொத்தம் 61 நாள். ஆக எங்கள் கரையில் வருமானமே இல்லாத மாதத்தில்தான் எல்லாரும் வருமானச் சான்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பல வருஷமாக இதைப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

இந்த மே மாதம் ஒரு அக்கா வந்தார்கள். கடல்பாசி எடுக்கிறவர்கள். மகளுக்கு நர்சிங் சேர அப்ளிகேஷன் போட வேண்டும். ஆதார் சரிபார்க்கக் கைரேகை மெஷினை நீட்டினேன். கட்டைவிரல் வைத்தார்கள், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் இடது கை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது. கடலுக்கடியில் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை விரலில் துணி சுற்றிக்கொண்டு பிய்த்துப் பிய்த்து எடுத்ததில் ரேகை போய்விட்டது. "ரேஷன் கடையிலயும் இதே தொல்லதான் தம்பி"ன்னு சிரித்தார்கள். கடைசியில் மகள் போனுக்கு ஓடிபி வரவழைத்து உள்ளே போனேன்.

அடுத்த கட்டம் வருமானம்.

"வருஷ வருமானம் எவ்வளவுக்கா போட?"

"நீயே பாத்துப் போடேன்."

"நானா எப்படிக்கா? மாசம் சுமாரா எவ்வளவு வரும்?"

"எந்த மாசத்தக் கேக்குற? மாசத்துக்குப் பன்னெண்டு நாளுதான் பாசிக்குப் போறோம். காத்தடிச்சா அதுவும் இல்ல. தண்ணி கலங்குனா கீழ என்ன கெடக்குன்னே தெரியாது. இப்ப ரெண்டு மாசமா சும்மாதான் இருக்கேன். நீ எல்லாருக்கும் போடுறத எனக்கும் போடு."

எல்லாருக்கும் போடுவது 72,000. தமிழ்நாட்டில் இ-சேவை மையம் நடத்துகிற எவரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார். நிறைய நலத்திட்டங்களுக்கு ரொம்ப காலமாக இதுதான் உச்சவரம்பு. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு இப்போது 1,20,000 ஆக்கிவிட்டார்கள், ஆனாலும் கை பழக்கதோஷத்தில் 72,000-க்குத்தான் போகிறது. 12-ஆல் வகுத்தால் மாசம் சரியாக 6,000. ஒரு தெருவில் நாற்பது வீடு இருந்தால் நாற்பது வீட்டுக்கும் அதே வருமானம், படகு வைத்திருப்பவர், அந்தப் படகில் கூலிக்குப் போகிறவர், பாசி எடுக்கிறவர், கருவாடு விற்கிறவர் எல்லாரும் காகிதத்தில் சமம். பொதுவுடைமை எங்கள் தெருவுக்கு எப்போதோ வந்துவிட்டது!

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சென்னையில் இருக்கும் மாமா மகன் ஒருத்தன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தான். தமிழ்நாட்டில் வறுமை 2 சதவீதம்தான், நாம் எங்கேயோ போய்விட்டோம் என்று. நான் பதிலுக்கு ஏதோ எழுத, அவன் எழுத, பெரியப்பா நடுவில் புகுந்து குட்மார்னிங் படம் போட்டு முடித்துவைத்தார். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

அவன் போட்டது பொய்யில்லை. நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாடு 2015-16-ல் 4.76 சதவீதம், 2019-21-ல் 2.20 சதவீதம். மாநிலத்தின் தனிநபர் வருமானம் 2022-23-ல் 2.78 லட்சம், நாட்டின் சராசரியோ 1.69 லட்சம். 2024-25-ல் பொருளாதார வளர்ச்சி 11.19 சதவீதம். இதையெல்லாம் கேலி செய்கிற ஆள் நான் இல்லை. நான் பிறந்தது பனையோலை வேய்ந்த வீட்டில். கழிப்பறை என்றால் கருவேலங்காடு. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன். இன்று அதே இடத்தில் கான்கிரீட் வீடு, கேஸ் அடுப்பு, கழிப்பறை, மீட்டர் எல்லாம் இருக்கிறது. இது சும்மா வந்துவிடவில்லை, எத்தனையோ திட்டமும் எத்தனையோ பேர் உழைப்பும் சேர்ந்து வந்தது.

ஆனால் அந்தக் குறியீடு எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்தம் 12 விஷயம். சத்துணவு, குழந்தை இறப்பு, தாய் நலம், எத்தனை வருஷம் படித்தார்கள், பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வீட்டிலுள்ள பொருட்கள், வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை போட்டுக் கூட்டி, மூன்றில் ஒரு பங்காவது குறை இருந்தால் ஏழை. பொருட்கள் என்பதில் டிவியும் போனும் இருந்தாலே பாஸ், கலைஞர் இலவச டிவி கொடுத்தபோதே எங்கள் தெரு பாதி பாஸாகிவிட்டது. என் அம்மா வீட்டை வைத்து நானே டிக் அடித்துப் பார்த்தேன், எந்தக் குறையும் இல்லை. அந்த அக்கா வீட்டுக்கும் பெரும்பாலும் டிக்தான் விழும்.

பன்னிரண்டில் எங்கேயும் 'இந்த மாசம் கையில் எவ்வளவு வந்தது' என்ற கேள்வி இல்லை.

சரி, வேலை இருக்கிறதா என்றாவது கேட்பார்களே என்றால், அது இன்னும் வேடிக்கை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்திர நிலை என்று ஒரு கணக்கு உண்டு. கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். உலகம் பூராவும் இப்படித்தான் எண்ணுகிறார்கள், அதில் சூது எதுவும் இல்லை. ஆனால் எங்கள் கரையில் ஒரு மணி நேரம் வேலை பார்க்காத ஆளை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிழிந்த வலையைப் பொத்துகிறவர், வலையில் சிக்கிய நண்டைக் கழிக்கிறவர், கருவாடு திருப்பிப் போடுகிற ஆயா, எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். இங்கே வேலை இல்லாதவன் கிடையாது, நாள்தான் கிடையாது.

நாள் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. வருஷத்தில் 61 நாள் தடைக்காலம் போனால் மிச்சம் 304 நாள், அதாவது 43 வாரம் சொச்சம். வாரம் மூன்று என்றால் 130 நாள். இதில் காற்று பலமாக இருந்தால் கடலுக்குப் போக மீன்துறை தருகிற அனுமதி டோக்கன் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம் என்றால் வாரக்கணக்கில் கிடையாது. யாரையாவது இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் ஸ்டிரைக். எல்லாம் போக நூறு நாள் கடலுக்குப் போனால் நல்ல வருஷம். ஊருக்குள் 100 நாள் வேலைத் திட்டத்தைக் கிண்டல் செய்பவர்களிடம் நான் சொல்வது, அண்ணே, கடலும் நமக்கு நூறு நாள் வேலைதான்.

அந்த நூறு நாளும் கூலி நிச்சயமா என்றால் இல்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்த பிறகு மிஞ்சினால்தான் பங்கு. எறா, அதாவது இறால் பட்டால் சிரிப்பு, வெறும் சங்காயமாக, அதாவது கழிசல் மீனாக வந்தால் கோழித்தீவன விலைக்குப் போகும். என் அப்பா இருபது வருஷம் கூலிக்குப் போனவர். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராததால் வேறு படகுக்கு மாற முடியாமல் ஒரே படகில் கிடந்தார். முதலாளியைக் கொடுமைக்காரர் என்றும் சொல்ல மாட்டேன், அவரும் வட்டிக்கு வாங்கித்தான் படகு ஓட்டினார். மீன்பாடு இல்லாத நாளில் இரண்டு பேரும் சேர்ந்துதான் மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லாமல் போகக்கூடாது. இழுவை மடி வலையை வைத்துக் கடலடியைச் சுரண்டியதில் நம் படகுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்தப் பக்கம் மீன் இல்லாமல்தான் அந்தப் பக்கம், இலங்கைக் கடலுக்குப் போகிறோம், அங்கே இருப்பவனும் தமிழ் பேசுகிற மீனவன்தான், அவன் வலையும்தான் கிழிகிறது. இதை எழுதினால் எனக்குத் திட்டு விழும், விழட்டும்.

தடைக்கால நிவாரணத்துக்கு வருகிறேன். முன்பு 5,000. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் 8,000 என்று அறிவித்தார். நல்ல விஷயம். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் தெருவே போயிருந்தது. 8,000-ஐ 61-ஆல் வகுத்தால் குடும்பத்துக்கு நாளுக்கு 131 ரூபாய். 2025-26-ல் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலியே 336. மண்வெட்டி பிடித்தால் 336, அரசு சொன்னதற்காகக் கரையில் உட்கார்ந்தால் 131! மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று நாங்கள் உட்காருவது ஊருக்கும் சேர்த்துத்தானே. அதுவும் தடை தொடங்கும்போதே கைக்கு வந்தால் மரியாதை. மே மாதம் அடகுக்கடையில் கம்மல் போய் உட்கார்ந்த பிறகு வந்தால், அது வட்டிக்குத்தான் சரியாகும்.

மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். 2023 செப்டம்பர் 15-ல் இருந்து எங்கள் பெண்களுக்குத் தேதி தெரிந்து வருகிற ஒரே காசு அதுதான். தொகை சின்னது, ஆனால் மாதாமாதம் வரும் என்று தெரியும். அந்த அக்காவிடம் கேட்டபோது, "அது ஒண்ணுதான் தம்பி காத்தப் பாக்காம வருது" என்றார்கள்.

'இவங்களுக்குச் சேர்த்துவைக்கத் தெரியாது, வந்ததைக் குடிச்சிருவாங்க' என்று ஒரு பேச்சு உண்டு. குடி இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மீனவப் பெண்கள் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500-ஆகத் தரும். அதற்கு என் கடையில் நிற்கிற பெண்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கடலை விட்டால் என்ன இருக்கிறது? வாலிநோக்கம் பக்கம் உப்பளம், மழை வந்தால் மூன்று மாசம் படுத்துவிடும், அதற்கும் 2022-ல் இருந்து 5,000 நிவாரணம். கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவது. சாயல்குடி பக்கம் பனை, அதற்கும் சீசன்தான். கடல் அட்டை பிடிப்பதை 2001-ல் தடை செய்தபோது கடலில் மூழ்கி எடுக்கிற குளியாட்கள் எத்தனையோ பேர் ஒரே நாளில் கையைப் பிசைந்து நின்றார்கள். இப்போது திருவாடானை தாலுகா வலமாவூரில் 127 கோடிக்குக் கடற்பாசிப் பூங்கா என்று 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும். ஆனால் அங்கே வேலைக்கு எடுக்கும்போது, பாசியைப் பற்றி விரல் நுனியில் தெரிந்த பெண்கள் கைரேகை விழவில்லை என்று வெளியே நிற்காமல் இருக்க வேண்டும். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற லட்சுமி, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசை 2015-ல் வாங்கியவர். மாசத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்போம், இனப்பெருக்க மாதங்களில் நிறுத்துவோம் என்பது இந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அவர்களைத்தான் நான் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று போடுகிறேன்.

மிச்சம் இருப்பது சபுர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரில் பெரிய வீட்டைப் பார்த்தாலும் அதன் செங்கல் துபாயிலோ கத்தாரிலோ சம்பாதித்தது. சபுராளி இல்லாத வீடு குறைவு. என் தம்பியும் அங்கேதான், எங்கள் கான்கிரீட் கூரையில் பாதி அவனுடையது. ஆக, வறுமைக் குறியீட்டில் எங்கள் வீட்டுக்கு விழுந்த டிக்கில் பல, இந்த மாவட்டத்தில் சம்பாதித்ததே இல்லை. ராமநாதபுரம், பின்தங்கிய மாவட்டங்களுக்காகப் போட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற நாட்டுப் பட்டியலில் 2018-ல் சேர்க்கப்பட்டது, தமிழ்நாட்டில் விருதுநகரும் நாமும் மட்டும்தான். தண்ணியில்லாக் காடு என்று அதிகாரிகளை மாற்றி அனுப்புகிற ஊர் என்ற பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை.

2024-25 பட்ஜெட்டில் மிச்சமிருக்கும் 5 லட்சம் பரம ஏழைக் குடும்பங்களைத் தூக்கிவிட முதல்வரின் தாயுமானவர் திட்டம் அறிவித்தார்கள். தாயுமானவர் சமாதி ராமநாதபுரத்தில், லட்சுமிபுரத்தில்தான் இருக்கிறது, அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ஏழையைக் கண்டுபிடிக்க வீட்டைப் பார்க்காதீர்கள், நாளைக் கேளுங்கள். போன வருஷம் எத்தனை நாள் கூலி வந்தது, எத்தனை நாள் வரவில்லை, அடகு எப்போது வைத்தீர்கள், எப்போது மீட்டீர்கள். வருமானச் சான்று படிவத்தில் 'வேலை கிடைத்த நாட்கள்' என்று ஒரு கட்டம் போட எவ்வளவு செலவாகிவிடும்? டோக்கன் நிறுத்திய நாள் கணக்கு அரசிடமே இருக்கிறது. அதை வைத்து, படகுக்கு இல்லாமல் படகில் போகிற ஆளுக்கு நாள்கணக்கில் நிவாரணம் கொடுக்க முடியாதா? படகு இருப்பவருக்குப் பட்டியல் இருக்கிறது, நாலு படகில் மாறி மாறிப் போகிறவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான்?

அந்த அக்காவுக்குச் சான்று வந்துவிட்டது. ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம் மட்டும், ஒரு வருஷத்துக்குச் செல்லும். மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். அடுத்த மே மாதம் திரும்ப வர வேண்டும், அப்போதும் அந்த மெஷின் விரலை எடுக்காது.

வேதாரண்யம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இ-சேவை வைத்திருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் என்ன எண் போடுகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள். அங்கேயும் 72,000 தானா என்று பார்க்க வேண்டும்.